பூனையும் கோழியும் ஒரே வீட்ல, யாராவது வளர்க்குறீங்களா? (சிங்கப்பூர், தரைவீடு, சிராங்கூன் கார்டன் பக்கம்)

மல்லிகைப்பந்தல் | சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ரெண்டு பூனை இருக்கு, ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. ஒண்ணு குட்டியிலேர்ந்தே வீட்டுக்குள்ள வளர்ந்தது, அதுக்கு கரப்பான்பூச்சிய கண்டாக்கூட பயம். இன்னொண்ணு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ நாலு வருஷம் சுத்திக்கிட்டு இருந்தது, கருத்தடை பண்ணின அடையாளமா இடது காது நுனி வெட்டினது, பேரு கருப்பன். அவன் பயங்கரமான வேட்டைக்காரன். ஓணான், எலி, ஒரு தடவ மைனா கூட பிடிச்சிட்டு வந்து என் தலகாணி பக்கத்துல வச்சான்.

இப்ப விஷயம் என்னன்னா எங்க மாமியார் நாலு பெட்டக்கோழியும் ஒரு சேவலும் வளர்க்கணும்னு ரொம்ப ஆசப்படுறாங்க. பட்டுக்கோட்டை பக்கம் பொறந்து வளர்ந்தவங்க, மாமா போன பிறகு வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியல, அடை வைக்கணும் குஞ்சு பொரிக்கணும்னு தினமும் அதே பேச்சு. எனக்கும் அவங்க சந்தோஷமா இருக்கணும்னுதான் இருக்கு. பின்னாடி கொஞ்சம் இடமும் இருக்கு. வீட்டுக்காரர் "பூனைக்கு வயிறு நிறைய சாப்பாடு போட்டா அது ஏன் கோழிய பிடிக்கப்போகுது"ங்கிறார். எனக்கு அப்படித் தோணல. கோழியும் சாகக்கூடாது, கருப்பனையும் திரும்ப வெளிய விடமாட்டேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ். வீட்ல நாத்தனார் அஞ்சு மாசம் முழுகாம இருக்காங்க, அதையும் சேத்து யோசிக்கணும்.

---

ஈசூன்பூனையம்மா | சனி, இரவு 11:15

முதல்ல சட்டம் மா. வீவக வீட்ல (அரசாங்க அடுக்குமாடி) கோழி வளர்க்கவே கூடாது, நீங்க தரைவீடுங்கிறதால பிரச்சினை இல்ல, விக்கிறதுக்கு இல்லாம சொந்தத்துக்குன்னா 10 வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா காட்டுப்பறவை உள்ள வராத மாதிரி வலை போட்ட கூண்டுக்குள்ளதான் வைக்கணும். அவுத்து விட்டு வளர்க்குறது ஆகாது. பூனைங்களுக்கு லைசென்ஸ் எடுத்துட்டீங்களா? 2024 செப்டம்பர் 1லேர்ந்து புது விதி வந்துடுச்சு, மைக்ரோசிப் போடணும், ஆன்லைன்ல ஒரு இலவச பாடம் முடிக்கணும். தேசியப் பூங்காக் கழகத்தோட வெப்சைட்லயே எல்லாம் இருக்கு, நாளைக்கே ஒரு தடவ படிச்சிடுங்க.

அப்புறம் சேவல். 2017 ஞாபகம் இருக்கா, சின் மிங் பக்கம் அவுத்துத் திரிஞ்ச கோழிங்கள சத்தம்னு புகார் வந்து 24ஐ கொன்னுட்டாங்க. எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்ல. அது தெருவுல திரிஞ்ச கோழி, உங்களுது வீட்டுக்கோழி, வேற விஷயம்தான். ஆனா காலைல நாலரை மணிக்கு சேவல் கூவினா பக்கத்து வீட்டுக்காரங்க எவ்வளவு நாள் பொறுத்துப்பாங்க? முட்டைக்கு சேவல் தேவையே இல்ல, பெட்ட தானா முட்டை போடும். சேவல் குஞ்சுக்குத்தான் வேணும்.

---

கம்பத்துப்பிள்ளை | ஞாயிறு, காலை 7:20

நான் செம்பவாங் கடற்படைத் தளத்து குவாட்டர்ஸ்ல வளர்ந்தவன். அப்பா டாக்யார்டுல வேல. எங்க வீட்ல பூனை, கோழி, வாத்து எல்லாம் ஒரே முத்தத்துலதான். அப்பாயி தேங்கா துருவும்போது ஒரு பக்கம் கோழி கொத்தும், ஒரு பக்கம் பூனை நக்கும், யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணாது. இத நான் என் பேரப்பிள்ளைங்ககிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன்.

ஆனா இந்தக் கேள்விய படிச்சதும் ராத்திரி பூரா யோசிச்சேன். பெரிய கோழிகிட்ட பூனை பெரும்பாலும் வராதுங்கிறது நிஜம். குஞ்சோட இருக்கிற தாய்க்கோழி ரெக்கைய விரிச்சு சிலுப்பிக்கிட்டு ஓடியாந்துச்சுன்னா நாயே ஒதுங்கும், பூனை எம்மாத்திரம். ஆனா குஞ்சு? பத்து பொரிச்சா நாலு அஞ்சுதான் பெருசாகும். மழை பெய்ஞ்சு கோழி ஒரு பக்கம் குஞ்சு ஒரு பக்கம் பிரிஞ்சிடுச்சுன்னா பூனை ஒண்ண எடுத்துக்கும். பருந்து ஒண்ண எடுக்கும், காக்கா ஒண்ணு, முசாங் (மரநாய்) ஒண்ணு. அப்பாயி சாயங்காலம் பஞ்சாரத்துல (பின்னின கூடை) கவுத்து மூடும்போது எண்ணுவாங்க, ஒண்ணு கொறஞ்சா "ம்ம்" அப்படிம்பாங்க, அவ்வளவுதான். நாங்க அத பெருசா எடுத்துக்கல, இன்னும் குஞ்சு பொரிக்கும்னு விட்டுட்டோம். அதனாலதான் கம்பத்துல (அந்தக் காலத்து கிராமத்துல) எல்லாம் ஒத்துமையா இருந்துச்சுன்னு இன்னைக்கு தோணுது. உங்க மாமியாருக்கு நாலே கோழி, ஒவ்வொண்ணுக்கும் பேரு வைப்பாங்க. அந்தக் காலத்து கணக்கு இங்க ஒத்துவராதும்மா.

பெருசு பெருசா இருக்கிற நாட்டுப்பெட்டைங்களா வாங்குங்க. புறா அளவுல இருக்கிற குட்டை ஜாதி வேண்டாம், அதெல்லாம் வேட்டைப்பூனைக்கு மைனா மாதிரிதான்.

---

கிளினிக்பொண்ணு | ஞாயிறு, காலை 11:03

நான் விலங்கு மருத்துவமனைல நர்ஸா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றது ரொம்ப பேர் நம்புற விஷயம், ஆனா சரியில்ல. பூனைக்கு பசியும் வேட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது கிடையாது. வயிறு ரொம்பியிருந்தாலும் கண்ணு முன்னாடி ஒண்ணு படபடன்னு அடிச்சா கால் தானா பாயும். வேணும்னா தின்னாம போட்டுட்டு போகும், ஆனா கொல்லாம விடாது. கருப்பன் மைனாவ தின்னானா? தலகாணி பக்கத்துலதானே வச்சான்?

கோழிய பூனை கடிச்சாலோ பிராண்டினாலோ காயம் வெளிய தெரியாது. பூனைப் பல்லு ஊசி மாதிரி, ஓட்டை சின்னதா விழுந்து இறகு மூடிக்கும், கோழியும் வலிய காட்டாது, சாதாரணமா மேயும். பூனை வாயில பாஸ்டுரெல்லான்னு ஒரு கிருமி சகஜமா இருக்கும், கோழிக்கு காலரா நோய் வர்றதும் அந்தக் கிருமியாலதான். காயம் வழியா ரத்தத்துல கலந்துடுச்சுன்னா ரெண்டு மூணு நாள்ல கோழி போயிடும். அதனால "சின்ன கீறல்தானே மஞ்சள் வச்சா போதும்"னு இருக்காதீங்க. இறகை நீக்கி உடம்பு பூரா பாத்து, அன்னைக்கே டாக்டர்கிட்ட ஆன்டிபயாட்டிக் கேளுங்க. எல்லா கிளினிக்லயும் பறவை பாக்கமாட்டாங்க, கோழி வாங்குறதுக்கு முன்னாடியே போன் போட்டு யார் பாப்பாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க.

நாத்தனார் விஷயம் முக்கியம். டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி பூனை மலத்துல வரும், மண்ணுல கலக்கும், கோழி மண்ண கிளறி கொத்துறதால அதுக்கும் போகும். வேட்டையாடுற பூனைக்கும் பச்சக்கறி தின்னுற பூனைக்கும் வர வாய்ப்பு அதிகம். மலம் வெளிய வந்து ஒரு நாளாவது ஆனாத்தான் அது தொத்துற பக்குவத்துக்கு வரும், அதனால மணல் தட்டை தினமும் கொட்டி சுத்தம் பண்ணா ஆபத்து ரொம்ப கொறையும். அத நாத்தனார் தொடவேண்டாம், நீங்களோ வீட்டுக்காரரோ பண்ணுங்க. அந்த மணல கோழி மேயுற மண்ணுலயோ தோட்டத்துலயோ கொட்டவே கொட்டாதீங்க, கட்டி குப்பைல போடுங்க. கருப்பன் கோழிக்கூண்டு மண்ணுல போய் தோண்டி உக்காராம பாத்துக்கணும், உலர்ந்த மண்ணு கண்டா பூனைக்கு அதுதான் கக்கூஸ். முட்டை, கறி ரெண்டும் நல்லா வெந்திருக்கணும், ஆஃப் பாயில் பிள்ள பொறந்த பிறகு பாத்துக்கலாம்.

---

ஜூரோங்வாசி | ஞாயிறு, மதியம் 2:38

இவ்வளவு பயப்பட வேண்டியதில்ல லா. என் ஃப்ரெண்டு ஜோகூர்ல வச்சிருக்கார், பூனை கோழிக்கூண்டுக்குள்ளயே படுத்துத் தூங்குது, எலி வராம காவல் காக்குது. கோழிச்செல்லு வந்தா பேன் பவுடர் வாங்கி கோழி மேலயும் கூண்டு பூராவும் நல்லா தூவி விடுங்க, பூனைக்கும் தெள்ளுப்பூச்சி போயிடும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

---

நிலாவும்குட்டியும் | ஞாயிறு, மதியம் 3:05

ஜூரோங்வாசி அண்ணே, தயவுசெஞ்சு இத யாரும் செய்யாதீங்க. கோபத்துல சொல்லல, எங்க வீட்ல நடந்ததால சொல்றேன்.

எங்க அக்கா வீட்ல மூணு கோழி. செல்லு வந்துச்சுன்னு ஒரு பவுடர் வாங்கி கூண்டு பூரா தூவினோம். என் பூனை குட்டி மதியம் போய் அந்தக் கூண்டு மேல படுத்துட்டு வந்து உடம்ப நக்கியிருக்கு. சாயங்காலம் காது துடிக்க ஆரம்பிச்சது, அப்புறம் வாயில எச்சில் ஒழுகுச்சு, அப்புறம் கையும் காலும் இழுத்துக்கிட்டு வலிப்பு. நான் அந்த மாதிரி எதையும் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. 24 மணி நேர கிளினிக்குக்கு டாக்ஸில தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் முதல்ல கேட்டது "வீட்ல பெர்மெத்ரின் இருக்கிற மருந்து ஏதாவது போட்டீங்களா"ன்னுதான். பவுடர் டப்பாவுல அதே பேருதான் போட்டிருந்துச்சு. பூனையோட ஈரலுக்கு அந்த மருந்த உடைச்சு வெளிய தள்ளுற சக்தி ரொம்ப கம்மியாம். கோழி, நாய், மனுஷனுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாத அளவு பூனையக் கொன்னுடும். மூணு நாள் உள்ள வச்சிருந்தாங்க, கடவுள் புண்ணியம் பொழச்சுது.

கோழிக்கு என்ன வாங்கினாலும் லேபிள்ல பெர்மெத்ரின் இருக்கான்னு பாருங்க. நாய்க்கு கழுத்துல விடுற தெள்ளு மருந்துல சிலதுலயும் இது இருக்கு. பூனை இருக்கிற வீட்ல அது வேண்டவே வேண்டாம்.

---

கிளினிக்பொண்ணு | ஞாயிறு, மதியம் 3:31

நிலாவும்குட்டியும் சொன்னது நூத்துக்கு நூறு. இது என் முதல் பதிவுலயே இருந்திருக்கணும், விட்டுட்டேன், மன்னிக்கணும். அப்படி பட்டுடுச்சுன்னா வலிப்பு இன்னும் வரல, பூனை தெளிவா இருக்குன்னா பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவி துண்டுல சுத்தி உடனே கிளம்புங்க. சுடுதண்ணி வேண்டாம், குளிர்ந்த தண்ணியும் வேண்டாம். இழுப்பு வந்துடுச்சுன்னா கழுவுற வேலைல நேரத்த விடாதீங்க, டப்பாவையும் கையில எடுத்துக்கிட்டு ஓடுங்க. கோழிக்கு பேன் வந்தா பூனை இருக்கிற வீடுன்னு சொல்லி டாக்டர்கிட்டயே மருந்து கேளுங்க.

---

ஜூரோங்வாசி | ஞாயிறு, மாலை 4:10

எனக்கு சத்தியமா தெரியாது. ஃப்ரெண்டுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன், அவர் வச்சிருந்த டப்பாவுலயும் அதே மருந்துதான் இருக்காம், எடுத்து தனியா பூட்டி வச்சுட்டார். ரொம்ப நன்றிங்க.

---

மரத்தச்சன் | ஞாயிறு, இரவு 9:47

கூண்டப் பத்தி யாரும் சொல்லல. நான் புக்கிட் தீமா பக்கம் ரெண்டு வீட்டுக்கு கோழிக்கூண்டு கட்டிக் குடுத்திருக்கேன்.

கடையில "கோழிவலை"ன்னு கேட்டா ஆறுமூலை ஓட்டை போட்ட மெல்லிசு கம்பிவலை குடுப்பாங்க. அது கோழிய உள்ள நிறுத்தும், அவ்வளவுதான், வெளிய இருக்கிறத நிறுத்தாது. பூனை கைய விட்டு கோழி கழுத்த இழுக்கும், முசாங் கடிச்சுக் கிழிக்கும், எலி சுலபமா நுழையும். அரை அங்குல சதுர ஓட்டை, கம்பி கம்பிய வெல்டு பண்ணின வலையா கேட்டு வாங்குங்க, 12 மில்லிமீட்டர்னு சொன்னாலும் புரியும். விலை கூடத்தான், ஆனா அதுலதான் காசு போடணும். நாலு பக்கமும் மேலயும் அதே வலை. தரையில சுத்திவர ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமா மடிச்சு மண்ணுக்கு அடியில புதைச்சிடுங்க, தோண்டிக்கிட்டு வர்ற எலிக்கு அங்க வந்து முட்டும். கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள், ஒண்ணு கீழ ஒண்ணு மேல.

நம்ம ஊர்ல உங்க பூனைய விட பயப்படவேண்டியது மலைப்பாம்பு. சாக்கடைக்குள்ளயே ஊருக்குள்ள வந்துடுது, கோழியும் தின்னும், பூனையும் தின்னும். குட்டிப்பாம்பு ஒரு அங்குல சந்துல நுழையும், உள்ள போய் கோழிய முழுங்கினப்புறம் வயிறு பெருத்து வெளிய வரமுடியாம அங்கயே சுருண்டு கிடக்கும், நான் ஒரு வீட்ல கண்ணால பாத்திருக்கேன். பாத்தா அடிக்காதீங்க, வனவிலங்குச் சட்டப்படி குத்தம், தேசியப் பூங்காக் கழகத்துக்கோ அக்ரெஸுக்கோ (விலங்குங்கள மீட்கிற அமைப்பு) போன் பண்ணா ஆள் வந்து பிடிச்சிட்டுப் போவாங்க. தீனிய ராத்திரி கூண்டுல விடாதீங்க. தீனி இருந்தா எலி வரும், எலி வந்தா பாம்பு வரும், கருப்பனும் எலிக்காகவே அங்க போய் உக்காருவான்.

---

மல்லிகைப்பந்தல் | திங்கள், காலை 8:15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அத்தைக்கு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினேன், கம்பத்து ஐயா எழுதினத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க. பஞ்சாரம்னு கேட்டதும் கண்ணு கலங்கிட்டாங்க, அவங்க அம்மா பின்னுவாங்களாம்.

ரெண்டு கேள்வி. தேக்கா சந்தையில கோழி வாங்கும்போது கால், தல, ஈரல் எல்லாம் கருப்பனுக்கு பச்சையா போடுவேன், அது சரியா? அதனால கோழி வாசனைக்குப் பழகி உயிரோட இருக்கிற கோழியையும் சாப்பாடுன்னு நினைப்பானா? இன்னொண்ணு, முதல் தடவ ரெண்டையும் எப்படி பழக்குறது?

---

கிளினிக்பொண்ணு | திங்கள், மதியம் 1:20

வாசனையால பிடிக்கமாட்டான், அசைவுதான் அவனத் தூண்டும். ஆனா பச்சையா போடுறத நிறுத்திடுங்க, வேற காரணத்துக்காக. பறவைக்காய்ச்சல் பூனைக்கும் வரும். 2004ல தாய்லாந்துல ஒரு புலிப்பூங்காவுல பச்சக்கோழி போட்டு நூத்துக்கு மேல புலிங்க போச்சு. 2023ல போலந்துல வீட்டுப்பூனைங்க நிறைய அதே வைரஸ்ல செத்துச்சு. புலிக்கு வந்தது பூனைக்கு வராதா? சால்மோனெல்லா கிருமியும் பச்சக்கறியில வரும். வேகவச்சு, எலும்ப எடுத்துட்டு, உப்பு வெங்காயம் சேக்காம குடுங்க. வெந்த எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு தொண்டையில குத்தும். கருப்பன் இனிமே வெளிய போய் மைனா காக்கா பிடிக்காம இருக்கிறதும் இதே காரணத்துக்குத்தான் நல்லது, அவன் கொண்டுவர்ற செத்த பறவை வழியா உங்க கோழிக்கும் வரலாம்.

---

ஈசூன்பூனையம்மா | திங்கள், இரவு 8:52

பழக்குறதப் பத்தி நான் சொல்றேன், பதினஞ்சு வருஷமா தெருப்பூனைங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

கருப்பன கோழிக்குப் "பழக்க" முயற்சியே பண்ணாதீங்க. நாலு வருஷம் தெருவுல வேட்டையாடினது அவன் உடம்புல ஊறிடுச்சு. குட்டியா, கண்ணு தெறந்து ரெண்டு மாசத்துக்குள்ள கோழிகூட வளர்ந்த பூனைன்னா வேற கதை. கருப்பனுக்கு வேண்டியது கோழி கிடைக்காதுங்கிற நிலைமை மட்டும்தான். கூண்டு கட்டி கோழி வந்ததும் முதல் ரெண்டு வாரம் அவன வீட்டுக்குள்ளேயே வைங்க, ஜன்னல் வழியா பாக்கட்டும். அப்புறம் நீங்க கூட இருக்கும்போது மட்டும், கழுத்துப்பட்டை கயிறோட, வலைக்கு வெளிய. கையில தூக்கிட்டு கிட்ட போகாதீங்க, கோழி ரெக்கை அடிச்சா உங்க கைய கிழிச்சிட்டு பாயும்.

அவன் அசையாம உக்காந்து பாத்தா "ஆகா அமைதியா இருக்கான்"னு நினைக்காதீங்க. வால் நுனிய பாருங்க. உடம்பு கல்லு மாதிரி இருந்து வால் நுனி மட்டும் இப்படி அப்படி துடிச்சா, இல்ல பின்பக்கத்த ஆட்டினா, பல்ல கடிச்சு கெக்கெக்கெக்குன்னு சத்தம் போட்டா, அது வேட்டை. உடனே பொம்மைய இழுத்து கவனத்த திருப்பி உள்ள கூட்டிட்டுப் போங்க. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் இறகு கட்டின குச்சியால விளையாட்டு காட்டி, கடைசில பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு போடுங்க. அந்த நேரத்துக்கு அவனுக்குள்ள இருக்கிற வேட்டை கொஞ்சம் அடங்கும்.

பயந்த பூனை இருக்கே, அதுக்குத்தான் நான் அதிகமா கவலப்படுறேன். கோழி கண்ணப் பாத்து கொத்தும். அதையும் கூண்டுக்குள்ள விடாதீங்க.

---

கம்பத்துப்பிள்ளை | செவ்வாய், காலை 6:48

குஞ்சு விஷயத்துல ஒரு வார்த்த. உங்க மாமியார் ஆசப்பட்டு எப்பவாவது வேற எங்கயாவது பொரிச்ச குஞ்சு வாங்கி வளர்த்தா, அட்டப்பெட்டில போட்டு மேல துணி மூடி மஞ்ச பல்பு தொங்கவிடுற வேல வேண்டாம். கீச்கீச் சத்தமும் பல்பு சூடும் பூனைய இழுக்கும், பூனை தாவி பல்பு விழுந்தா துணி பத்திக்கும். முதல் வாரம் 35 டிகிரி கிட்ட சூடு வேணும், அப்புறம் வாரம் மூணு டிகிரி கொறைக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு மூணு வாரத்துக்கப்புறம் பகல்ல சூடே தேவப்படாது. கதவு பூட்டுற அறைக்குள்ள, கம்பிமூடி போட்ட பெட்டில வைங்க. பூனை அளவுக்கு மேல வளர்ற வரைக்கும் அந்த மூடி போகக்கூடாது.

---

மல்லிகைப்பந்தல் | ரெண்டு மாசம் கழிச்சு, வெள்ளி, இரவு 9:30

எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இப்பதான் நேரம் கிடைச்சுது.

கோழி வந்து அஞ்சு வாரமாச்சு. நாலு பெட்டதான், சேவல் இல்ல. இத அத்தைகிட்ட நான் சொல்லல, அவங்களே யோசிச்சு சொன்னாங்க: பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு, சேவல் கூவினா அவர் தூக்கம் போகும், சேவல் இல்லன்னா குஞ்சு இல்ல, குஞ்சு இல்லன்னா கருப்பன் மேல பழியும் இல்லன்னு. சொல்லிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. எனக்குத்தான் மனசு கஷ்டமா இருந்துச்சு.

கூண்டு மரத்தச்சன் அண்ணன் சொன்ன மாதிரியே அரை அங்குல வலை, ரெண்டு தாழ்ப்பாள். வீட்டுக்காரர் முதல்ல "இதுக்கு இவ்வளவு செலவா"ன்னார். மூணாவது வாரம் ராத்திரி முசாங் வந்து மேல ஏறி வலைய புரட்டிப் பாத்துட்டுப் போச்சு, காலைல மேல அதோட ரோமம் ஒட்டியிருந்துச்சு, அதுக்கப்புறம் அவர் செலவப் பத்தி பேசல. தீனி டின்னுல மூடி வைக்கிறோம். மணல் தட்டை வேல அவருக்குத்தான், நாத்தனார் பக்கத்துலயே வர்றதில்ல. ஒரு கோழிக்கு செல்லு வந்துச்சு, கடைக்குப் போகாம நேரா டாக்டர்கிட்ட போனோம், பூனை இருக்குன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

அத்தை தினமும் முட்டை எண்ணி காலண்டர்ல எழுதுறாங்க. கோழிக்கெல்லாம் அவங்க தங்கச்சிங்க பேரு.

கருப்பன் தினமும் அஞ்சு மணிக்கு கயிறோட பின்கட்டு நாற்காலிக்கு அடியில உக்காந்து பாக்குறான். நேத்தும் வால் நுனி துடிச்சுது. அத்தை "அவன உள்ள கொண்டு போ"ன்னாங்க, கொண்டு போயிட்டேன்.

கம்பத்து ஐயா, சிங்கப்பூர்ல இல்ல ஜோகூர்ல யாராவது பஞ்சாரம் பின்னுறவங்க இருந்தா சொல்லுங்க. கோழிய மூட இல்ல, அத்தை வீட்ல வச்சுக்கணும்னு ஆசப்படுறாங்க.